இரைப்பை வளையத்தை எப்போது அகற்றுவது?

போடிநாயக்கனூரிலிருந்து பல கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி மலையேறும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை, போடிமெட்டில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தை நீங்கிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தினுள் புகுகின்றது. ஏலத் தோட்டங்களில் பணியாற்றுவோர் வைகறையில் ஜீப்புகளில் ஏறி, இம்மேட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளுக்குச் செல்வதும், மாலையில் மலையிறங்கி வீடு திரும்புவதும் அன்றாட வழக்கம். மலைமீதே குடியிருப்போர் கடும் நோய் கண்டால், ஒருபுறம் தேனிக்கோ மதுரைக்கோ செல்லவேண்டும். மறுபுறம் இடுக்கிக்கோ கோட்டயத்திற்கோ செல்லவேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு நேர்ந்தால் அவ்வழியும் தடைப்படும். ஒரு சிகிச்சை முறையைப் பற்றி நாம் எந்த அபிப்பிராயம் கொண்டாலும், அது இத்தகைய இடத்திற்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்ப்பது நன்று. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையின் மேற்பகுதியில் பொருத்தப்படும் வளையத்தை அவ்வாறு சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைப்புறத்தில் உடற்பருமனுக்கு இடமேது என்று சிலர் வியக்கலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ளோரில், மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40.4, ஆண்களில் 37.0 ஆவர். கேரளத்தில் இவ்விகிதம் முறையே 38.1, 36.4 ஆகும். எல்லையின் இருபுறத்திலும் இதுவே நிலைமை. இவர்களுள் மிகச் சிலரே அறுவைச் சிகிச்சையை நாடுகின்றனர் என்பது உண்மை. ஆயினும், பெருநகரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்த்த காலத்தில் வளையம் பொருத்திக்கொண்ட ஒருவர் சொந்த ஊர் திரும்பிவிட்டால், அவருடைய அறுவை நிபுணர் அங்கேயும் வளையம் இங்கேயுமாகப் பிரிந்துவிடுகின்றன. அவருக்கு உபாதை நேரும்போது முதலில் காண்பவர் கிராமச் செவிலியராகவோ, களப்பணியாளராகவோ, அவருடைய குழந்தையின் ஆசிரியராகவோதான் இருப்பார்.

கருவியின் அமைப்பு

வளையம் சிலிக்கோன் என்னும் மென்பொருளால் ஆனது. உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே அது இரைப்பையைச் சுற்றிப் பொருத்தப்படுகிறது. வளையத்திற்கு மேலே ஒரு சிறு பையும், கீழே எஞ்சிய இரைப்பையும் அமைகின்றன. வளையத்தின் உட்புறம் ஒரு பலூன் போன்றது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, வயிற்றுச் சுவரில் தோலுக்கடியில் பதிக்கப்பட்ட 'போர்ட்' என்னும் சிறு கிண்ணத்தில் முடிகிறது. இதற்கென அமைந்த ஊசியால் கிண்ணத்தைத் துளைத்து உப்பு நீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். நீரை வெளியே எடுத்தால் தளரும். வளையம் தக்க அளவில் இறுகியிருக்கையில் சிறிது உணவே பசியடங்கிய உணர்வைத் தரும். இரைப்பையை வெட்டுவதோ குடலைத் திருப்பி இணைப்பதோ இதில் இல்லை.

இவ்விளக்கத்திலிருந்து ஒன்று தெளிவாகும். இக்கருவி ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடத் தக்கதன்று. முதலாண்டில் சில வாரங்களுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நோயாளி பயிற்சி பெற்ற மருத்துவரிடம் செல்லவேண்டும். உப்பு நீரின் அளவைச் சில மில்லி லிட்டர் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். இந்தத் தொடர் கவனிப்பும் சிகிச்சையின் ஒரு பாகமே.

ஏற்றமும் இறக்கமும்

இறுக்கத்தை மாற்றத்தக்க சிலிக்கோன் வளையத்தை 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குஸ்மாக் என்னும் அறுவை நிபுணர் கையாண்டார். 1993இல் பெல்ஜியத்தில் பெலாஷு என்பவர் வயிற்றைப் பெரிதாகத் திறவாமல் லாப்பராஸ்கோப்பு முறையில் அதனைப் பொருத்தினார். 2001இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2011ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் நடந்த உடற்பருமன் அறுவைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வளைய அறுவைகளே. 2019ஆம் ஆண்டிலோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்துவிட்டன. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழல்போல் ஆக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் யாது? வளையம் பயனற்றது என்று கூறுவது நியாயமாகாது. 2008இல் ஆஸ்திரேலியாவில் 60 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. அண்மையில் நோய் கண்டவர்களே அதில் பங்கு பெற்றனர். வளையம் பெற்றவர்களில் நூற்றுக்கு 73 பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 பேரும் ஈராண்டு முடிவில் நோய் தணிந்த நிலையை அடைந்தனர். சிக்கல் காலப்போக்கில்தான் வெளிப்பட்டது. பெல்ஜியத்தில் 1994 முதல் 1997 வரை வளையம் பெற்ற 151 பேரில் 82 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுந்திருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அதை அகற்ற நேர்ந்திருந்தது. அமெரிக்காவில் முதியோர்க்கான அரசுக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் 2006க்கும் 2013க்கும் இடையே வளையம் பெற்ற 25,042 பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 18.5 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது புலனாயிற்று.

இவற்றோடு மெல்போர்ன் நகரத்து மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட கணக்கை ஒப்பிடுக. அவர்கள் 3,227 பேருக்கு வளையம் பொருத்தி அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், அளவுக்கு மிஞ்சிய எடையில் சராசரியாக நூற்றுக்கு 47 பங்கு குறைந்தே இருந்தது. வளையத்தை அறவே அகற்ற நேர்ந்தது நூற்றுக்கு 5.6 பேருக்கே. எனினும் அங்கும் நூற்றுக்கு 43 பேருக்கு ஏதேனும் ஒரு திருத்த அறுவை தேவைப்பட்டது. பெல்ஜியத்தில் கையாண்டது பழைய அறுவை முறை என்பதனையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆகவே வேறுபாடு முழுவதையும் கவனிப்பின் பேரில் ஏற்றிவிட முடியாது. ஆயினும், மிகச் சிறந்த கவனிப்பு கிடைத்த இடத்திலேயே ஐவரில் இருவருக்குத் திருத்தம் வேண்டியிருந்ததெனில், கவனிப்பே கிடையாத இடத்தில் என்ன நேரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அகற்றுவதற்கும் திருத்துவதற்கும் உரிய நிலைகள்

எல்லா உபாதைகளுக்கும் ஒரே பரிகாரம் இல்லை. இவற்றை அவசரத்தின் அளவைக் கொண்டு வகைப்படுத்துவது களப்பணியாளருக்கு உதவும்.

முதலாவது, வளையம் நழுவுதல். கீழேயுள்ள இரைப்பையின் ஒரு பகுதி வளையத்தின் வழியாக மேலே ஏறிக்கொள்கிறது. மேற்பை பெருத்து, பாதை அடைபடுகிறது. திடீரென உணவு இறங்காமை, நீரும் உமிழ்நீரும் கூடத் தங்காமை, ஓயாத வாந்தி, மேல்வயிற்று வலி ஆகியவை இதன் அறிகுறிகள். சிக்கிய பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அத்திசு அழுகி உயிருக்கு ஆபத்து நேரும். வாய்வழியாக எதுவும் கொடாமல், தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். அங்கே முதற்காரியமாக வளையத்திலுள்ள நீரை எடுத்து இறுக்கத்தைத் தளர்த்துவர். எக்ஸ்ரே படத்தில் வளையத்தின் சாய்வு மாறியிருப்பது தெரியவரும். தளர்த்திய பின்னும் நிலைமை சீர்ப்படாவிடில், வளையத்தை அகற்றவோ இடத்தைச் சரிசெய்யவோ உடனடி அறுவை தேவைப்படும்.

இரண்டாவது, அரித்து உட்புகுதல். இது மெல்ல நடைபெறுவது; பெரும்பாலும் வலியற்றது. முன்போல் பசி அடங்காமை, குறைந்த எடை மீண்டும் ஏறுதல் ஆகியவற்றோடு, அறுவை நடந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் போர்ட் உள்ள இடம் சிவந்து சீழ் வைப்பதும் இதன் குறியாகலாம். மேலே தோன்றும் புண்ணுக்கு மட்டும் மருந்திட்டுக்கொண்டிருப்பது பிழை. வாய்வழியே உள்நோக்குக் குழல் செலுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். உட்புகுந்த வளையத்தை அகற்றியே தீரவேண்டும். இதில் இரண்டாவது அபிப்பிராயத்திற்கு இடமில்லை.

மூன்றாவது, உணவுக்குழாய் விரிவடைதல். வளையம் நெடுங்காலம் மிகையாக இறுகியிருந்தால், உணவுக்குழாய் அதற்கெதிராக உழைத்து உழைத்துத் தளர்ந்து விரிகிறது. நெஞ்செரிச்சல், படுத்தவுடன் உணவு எதுக்களித்தல், இரவில் இருமல், சில வேளைகளில் எதுக்களித்தது மூச்சுக்குழலில் புகுந்து நிமோனியா ஆகியன உண்டாகின்றன. இரவு இருமல் உள்ளவரைக் காசநோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் பரிசோதிக்கும் நாம், அவர் வயிற்றில் வளையம் உண்டா என்றும் வினவுதல் வேண்டும். நீரை எடுத்துச் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் பலருக்கு உணவுக்குழாய் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிடினும், மீண்டும் இறுக்கியதும் அதே உபாதை தோன்றினாலும் அகற்றுவதே முறை.

நான்காவது, போர்ட்டும் குழாயும் பழுதாதல். கிண்ணம் தலைகீழாகப் புரளலாம். குழாய் கழன்று நீர் கசியலாம். வளையம் நன்னிலையில் இருப்பின் அதனைத் தொடாமல், பழுதான பாகத்தை மட்டும் சிறு அறுவையால் சீர்செய்யலாம்.

ஐந்தாவது, பயனின்மை. கவனிப்பும் இறுக்கமும் தக்கவாறு இருந்தும் எடை குறையவில்லை. அல்லது எடை குறைந்திருந்தும் சோறும் சப்பாத்தியும் இறங்காமல், பாயசம், குளிர்பானம் போன்ற இனிப்புத் திரவங்களையே நம்பி வாழ்கிறார். இவ்விரண்டும் தோல்வியே. உண்ண முடியாத வாழ்வை வெற்றி என்று எடைக்கருவி காட்டினாலும் நாம் ஏற்கலாகாது.

இவ்வைந்தும் மருத்துவ நூல்களில் காணப்படுபவை. இவற்றோடு ஆறாவது ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். அது கவனிப்பின்மை. போடிமெட்டிலோ அதனையொத்த ஊரிலோ வாழ்பவர் ஒருவர், இறுக்கத்தைச் சரிசெய்யும் மருத்துவரை ஆண்டுக்கொரு முறையேனும் காண இயலாத நிலையில் இருப்பாராயின், உபாதை தோன்றுவதற்கு முன்னரே அவருடைய வளையத்தைப் பற்றி மறு ஆலோசனை செய்தல் வேண்டும். உடனே அகற்றிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீரைக் குறைத்துத் தளர்வாக வைப்பதா, அணுகக்கூடிய மருத்துவமனை ஒன்றில் பதிவு செய்துகொள்வதா, வேறு முறைக்கு மாறுவதா என்பதனை அமைதியான வேளையில் முடிவு செய்யவேண்டும். நள்ளிரவில், மழையில், வாந்தியெடுக்கும் நோயாளியுடன் மலையிறங்கும்போது இம்முடிவை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை மலைப்புற ஊழியர் அறிவர்.

வாந்தியும் தயாமினும்

"வாந்தி வந்தால் வளையம் வேலை செய்கிறது என்று பொருள்" என்னும் தவறான எண்ணம் நோயாளிகளிடையே உண்டு. அவசரமாகவும் அதிகமாகவும் உண்டதால் எப்போதேனும் ஒரு முறை வாந்தி வருவது வேறு. வாரத்தில் பல நாட்கள் வருவது வளையம் மிகையாக இறுகியிருப்பதற்கோ நழுவியிருப்பதற்கோ அடையாளம்.

தொடர்ந்த வாந்தியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பி வகை வைட்டமின்களுள் ஒன்றான தயாமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமிப்பில் நிற்பதில்லை. தீட்டிய அரிசியை மட்டும் உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்த வரலாற்றையும், புழுங்கலரிசியில் இச்சத்து தங்கிவிடுவதையும் ஆசிரியர்கள் வகுப்பறையில் கூறியிருப்பர். வளையத்தால் வாரக்கணக்கில் வாந்தியெடுப்பவருக்கும் அதே குறை தோன்றும். நடை தள்ளாடுதல், கண் அசைவு பிறழ்ந்து பொருள்கள் இரண்டாகத் தோன்றுதல், மனக்குழப்பம் ஆகியன மூளை பாதிக்கப்பட்டதற்கு அடையாளங்கள். இந்நிலையில் தயாமின் கொடாமல் குளுக்கோஸை மட்டும் நரம்பில் ஏற்றினால், எஞ்சியிருக்கும் சிறிதளவு தயாமினும் செலவாகி நிலைமை மோசமாகக்கூடும். சோர்ந்து வந்தவருக்குக் 'குளுக்கோஸ் பாட்டில்' போடுவது நம் சிற்றூர்களில் பரவலான வழக்கமாதலின், வளையம் உள்ளவர் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது உயிர்காக்கும் செய்தியாகும். கருவுற்ற பெண்ணுக்கு வளையம் இருப்பின், மசக்கை என்று எண்ணி வாந்தியை அலட்சியம் செய்யலாகாது. தாயும் சேயும் போதிய உணவு பெறுவதற்காக வளையத்தைத் தளர்த்த வேண்டியிருக்கலாம்.

அகற்றிய பின்

வளையத்தை மட்டும் அகற்றிவிட்டு வேறு ஏற்பாடு செய்யாவிடில், பெரும்பாலோருக்கு எடை திரும்பவும் ஏறிவிடுகிறது. அதனுடன் நீரிழிவும் இரத்த அழுத்தமும் திரும்பக்கூடும். எனவே அகற்றும் முடிவோடு அடுத்த படியையும் ஆலோசிக்கவேண்டும். இரைப்பையைக் குழலாக்குவது ஒரு வழி. இரைப்பையையும் சிறுகுடலையும் மாற்றி இணைப்பது மற்றொரு வழி. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்குப் பின்னதே பொருத்தம். அரிப்பு நேர்ந்திருந்தால் அகற்றிய காயம் ஆறுவதற்குச் சில மாத இடைவெளி விட்டே அடுத்த அறுவையைச் செய்வர். மருந்தும் ஒரு வழியாகியுள்ளது. பசியைக் குறைக்கும் டிர்செபடைடு என்னும் ஊசி மருந்து 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலையும் தொடர்ந்து போட்டுக்கொள்ள வேண்டிய தேவையும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. இம்முறைகளுள் எதுவும் கவனிப்பிலிருந்து முற்றிலும் விடுதலை தருவதன்று. குடலை மாற்றி இணைத்தவர் வாழ்நாள் முழுதும் வைட்டமின்களை உட்கொள்ள வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

"நலமாக இருப்பவருடைய வளையத்தை ஏன் தொடவேண்டும்? அகற்றும் அறுவையிலும் ஆபத்து உண்டல்லவா?" என்று சிலர் வினவுவர். இது நியாயமான ஆட்சேபமே. எடை தக்க அளவில் குறைந்து, எல்லா உணவையும் மென்று உண்டு, இரவில் அமைதியாக உறங்குபவரின் வளையத்தைக் காலம் கடந்தது என்பதற்காக மட்டும் அகற்றவேண்டியதில்லை. பழைய வளையத்தைச் சுற்றித் திசு இறுகி வளர்ந்திருக்குமாதலால் மறு அறுவை முதல் அறுவையைக் காட்டிலும் கடினமானது. அனுபவமுள்ளவர்களே அதைச் செய்யவேண்டும். ஆயினும் "நலம்" என்பது நோயாளியின் சொல்லாக மட்டும் இருந்தால் போதாது. அரிப்பும் உணவுக்குழாய் விரிவும் ஓசையின்றி வளர்பவை. ஆண்டுப் பரிசோதனையில் நலம் எனக் கண்டால் மட்டுமே அச்சொல்லை ஏற்கலாம்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வளையம் பொருத்திக்கொண்டவர்களில் பலர் அதனை வெளியே சொல்வதில்லை. பருமனாக இருந்ததற்கு ஒரு கேலி, அறுவை செய்துகொண்டதற்கு ஒரு கேலி, மீண்டும் எடை ஏறினால் "பணத்தை வீணாக்கினாய்" என்று மற்றொரு கேலி. வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் மறைப்பதும் உண்டு. இந்த நாணமே அவர்களை மருத்துவரிடமிருந்து விலக்கி வைக்கிறது. பருமனான குழந்தையை வகுப்பில் பட்டப்பெயரிட்டு அழைப்பதை ஆசிரியர் தடுப்பாராயின், பிற்காலத்தில் ஒரு நோயாளி தன் உபாதையை மறையாமல் சொல்வதற்கு அன்றே வழி செய்தவராவார்.

களப்பணியாளர்கள் வீடுதோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கும்போது, "வயிற்றில் ஏதேனும் அறுவை நடந்ததா?" என்று கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளலாம். வளையம் உள்ளவருக்கு ஒரு சிறு அட்டை எழுதிக் கொடுக்கலாம். அதில் வளையத்தின் வகை, பொருத்திய ஆண்டு, மருத்துவமனை, கடைசியாக நீர் செலுத்திய நாளும் அளவும் இருக்கட்டும். போடிமெட்டில் ஒருவர் இன்று தமிழ்நாட்டு மருத்துவரிடமும் நாளை கேரளத்து மருத்துவரிடமும் செல்லக்கூடுமாதலால், அட்டை தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருத்தல் நலம். போர்ட்டைத் தாமே ஊசியால் துளைக்கும் முயற்சியை ஊழியர் எவரும் செய்யலாகாது. பழுதை உணர்ந்து உரிய இடத்திற்கு உரிய வேளையில் அனுப்புவதே அவர்கள் பொறுப்பு.

வளையத்தை அகற்றிக்கொள்பவர் தோற்றுப்போனவர் அல்லர். ஒரு கருவி அவருக்குச் சில காலம் உதவியது; இப்போது உதவவில்லை. அவ்வளவே. இதனை அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் எளிய சொற்களில் விளக்கி, அடுத்த மழைக்கு முன் மலையிறங்கி மருத்துவரைக் காணச் செய்வோமாக.